விருதுநகர் வெட்கப்பட வேண்டுமா?

கேள்வி: ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் மதிய உணவும் தந்த காமராஜரை 1967-ல் தோற்கடித்த விருதுநகர், இன்று அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறதே, செய்த பாவத்துக்குப் பரிகாரமா? (சாத்தூர் வாசகர்)

பதில்: சாத்தூர்க்காரர் அல்லவா, கேட்பீர்கள்! 1957, 1962 இரண்டு தேர்தலிலும் அவரை ஜெயிக்க வைத்த தொகுதி உங்களுடையது. விருதுநகரில் 1,285 ஓட்டில் போயிற்று.

ஆனால் பாவம், பரிகாரம் எல்லாம் பெரிய வார்த்தை. அரிசிக்கு அலைந்த காலம் அது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டை யாரும் மறந்திருக்கவில்லை. முதல்வர் பக்தவத்சலமே ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காமராஜரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன், அந்தப் போராட்டத்தில் நின்ற மாணவர் தலைவர். ஜனங்களுக்குக் கோபம் ஆட்சி மேல். ஓட்டுச் சீட்டில் ஆட்சியைத் தனியாக, காமராஜரைத் தனியாகப் பிரித்துக் குத்த இடம் இல்லையே! தோற்றதற்காக அவர் ஊரைத் திட்டியதாக நான் எங்கும் படித்ததில்லை. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து டெல்லிக்குப் போனார். நீங்களும் நானும்தான் இன்னும் கணக்குத் தீர்க்கிறோம்.

பரிகாரம் செய்ய வேண்டியவர்கள் வேறு. எந்த ஊரிலாவது ஜூலை 15 காலையில் காமராஜர் சிலைப் பக்கம் போய்ப் பாருங்கள். முதல் நாள் லாரித் தண்ணீர் அடித்துக் கழுவியிருப்பார்கள். ஏணி ஒன்றுதான் இருக்கும். ஒரு கட்சிக்காரர் ஏறி மாலை போட்டு, போட்டோ எடுத்து இறங்குவதற்குள் அடுத்த கட்சிக்காரர் கீழ்ப்படியில் கால் வைத்துவிடுவார். முந்தின மாலை கழுத்தில் கிடந்தால் தன்னுடையது படத்தில் தெரியாதாம். உருவித் தோளோரம் தள்ளுவதையும் பார்த்திருக்கிறேன். கல்வி வளர்ச்சி நாளுக்கு அழைத்துவந்த பிள்ளைகள் அதுவரை வெயிலில் நிற்கும்.

அவர் முதல்வராக இருந்தபோது, விருதுநகரில் தாயார் சிவகாமி அம்மாள் வீட்டுக்குள் தனியாகக் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். தெருவே பொதுக்குழாயில் பிடிக்கும்போது என் அம்மாவுக்கு மட்டும் எதற்கு என்று பிடுங்கச் சொன்னார் என்பார்கள். ஏணிக்கு முண்டியடிக்கும் நம் தலைவர்கள் இந்தக் கதையை மேடையில் கண்கலங்கச் சொல்வார்கள். அவர்கள் வீட்டில் எத்தனை இன்ச் குழாய் என்று அடுத்த ஜூலையில் கேட்டு எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.