கேள்வி-பதில்: கிட்டார் டேப் வாங்குவோருக்கு

கேள்வி: டேப் (கோடுகளும் எண்களுமாக எழுதும் கிட்டார் இசைக்குறிப்பு) புத்தகத்தில் உள்ள எண்களைப் பிசகாமல் அழுத்தியும் பாட்டு பாட்டாக ஒலிக்கவில்லை. பிழை என்னுடையதா?

பதில்: இல்லை; பாதிச் சரக்கை முழு விலைக்கு உங்களிடம் விற்றிருக்கிறார்கள். ஆறு கோடுகள் ஆறு தந்திகளைக் குறிக்கின்றன. எண், எந்த ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகக் கம்பிகளால் பிரித்த கட்டத்தில்) விரல் வைப்பது என்பதைச் சொல்கிறது. 0 என்றால் விரல் வைக்காமல் மீட்ட வேண்டும். ஆனால் ஒரே கோட்டில் 5, 5, 5, 7 என்று அச்சிட்டிருந்தால், எது குறில், எது நெடில் என்பதை அந்த எண்களால் சொல்ல முடியாது. 1507இல் வெனிஸில் பெட்ருச்சி என்ற அச்சகர், லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்துக்கு அச்சிட்ட டேப்களிலேயே கோடுகளுக்கு மேல் கால அளவுக் குறிகள் இருந்தன; இன்று புத்தகம் போடுகிறவர்களில் சிலர் அதை விட்டுவிடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நானும் தடிமனான ஒரு தொகுப்பை வாங்கி, என் காதுதான் சரியில்லை என்று இரண்டு மாதங்கள் வருந்தினேன். அந்தப் பாடல்களுக்குத் தடித்த தந்தியை ஒரு முழுச் சுரம் தாழ்த்திச் சுருதி சேர்க்க வேண்டும் என்பதை அந்தப் புத்தகம் எங்கும் சொல்லவில்லை. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, சுருதி, கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) வைக்கும் இடம், கால அளவு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: நான் இடக்கைப் பழக்கமுள்ளவள். தனி டேப் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், கோடுகள் தந்திகளைக் குறிக்கின்றன, கைகளை அல்ல.

கேள்வி: முதல் பக்க விளக்கத்தைப் படிக்காமல், மேல்கோடுதான் தடித்த தந்தி என்று எண்ணி ஆறு வாரம் தலைகீழாக வாசித்துவிட்டேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கீழ்க்கோடே தடித்த தந்தி என்று அச்சிட்டிருந்ததைப் படிக்காதது உங்கள் குற்றம். அதற்குக் கடைக்காரர் ஏன் பணம் திருப்பித் தர வேண்டும்?

கேள்வி: முழுப் பாடல்களின் டேப் என்ற விளம்பரத்தை நம்பி ஒரு செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். தொடக்க இசை மட்டுமே திறக்கிறது. மீதிக்கு மேலும் பணம் கேட்கிறார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், நம்பியதற்காக வெட்கப்படாதீர்கள். விளம்பரம் மாறுவதற்குள் அதையும், பணம் கேட்கும் திரையையும் படம் பிடித்து, ரசீதோடு சேர்த்து விற்றவருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். மறுத்தால், அட்டை வழியாகச் செலுத்தியிருக்கும்பட்சத்தில், அட்டை வழங்கிய வங்கியிடம் அந்தத் தொகையை எதிர்த்து முறையிடுங்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் இன்றே நிறுத்திவிடுங்கள்.