எக்லெக்டஸ் கிளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பச்சைக் கிளியையும் சிவப்புக் கிளியையும் காட்டி, இரண்டும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பலாம். பச்சை உடலும் ஆரஞ்சு நிற மேல் அலகும் கொண்டது ஆண். சிவப்பு உடலும் கறுத்த அலகும் கொண்டது பெண். 19ஆம் நூற்றாண்டின் பறவையியலாளர்கள்கூட நெடுநாள் இவற்றைத் தனித்தனி இனங்களாகவே கருதியிருந்தார்கள். நியூ கினியிலும் ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் பகுதியிலும் உள்ள மழைக்காடுகளில் கூட்டுக்கேற்ற மரப்பொந்து அரிது என்பதால், கிடைத்த பொந்தை விட்டு அகலாமல் பெண் மாதக்கணக்கில் காவல் இருக்க, ஆண்கள் பலர் முறைவைத்ததுபோல் வந்து அதற்கு இரை ஊட்டுகின்றன. ராபர்ட் ஹெய்ன்சோனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண்ணின் சிவப்பு பொந்துக்கு உரிமையாளர் இருப்பதைத் தொலைவுக்கு அறிவிக்கிறது. இரை தேடி அலையும் ஆணை, அதன் பச்சை வேட்டைப் பறவைகளின் கண்ணிலிருந்து மறைக்கிறது.

கேள்வி: குஞ்சு ஆணா பெண்ணா என்று எப்படி அறிவது?

பதில்: இறகு முளைத்ததும் நிறமே சொல்லிவிடும். இளம் பருவத்தில் அலகு இரண்டுக்கும் கருமையாகவே இருக்கும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: நிறம் மங்கிவிட்டது. எந்த டானிக் கொடுக்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். கிளிகளின் சிவப்பு, மஞ்சள் நிறமிகள் உணவிலிருந்து வருவன அல்ல. அவற்றைக் கிளியின் உடலே உருவாக்குகிறது. மங்கல் நீடித்தால் கல்லீரல் கோளாறோ சத்துக்குறைவோ இருக்கக்கூடும். பறவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கேரட் கொடுத்த பிறகு என் கிளி பளபளக்கிறதே! உணவுக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை என்பது எப்படிச் சரியாகும்?

பதில்: நிறமும் பளபளப்பும் வேறு வேறு. கேரட்டிலுள்ள கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறித் தோலையும் இறகு வளர்ச்சியையும் காக்கிறது. நன்கு வளர்ந்த இறகு மினுங்குகிறது. உணவால் நிறம் பெறுவது பூநாரை, கிளி அன்று. நீலத்துக்கோ நிறமியே கிடையாது. ஆணின் சிறகிலிருந்து உதிர்ந்த நீல இறகை, ஒளி அதன் பின்னாலிருந்து வரும்படி பிடித்துப் பாருங்கள்: நீலம் மறைந்து பழுப்பு தெரியும். இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றும் அந்த நீலத்துடன் மஞ்சள் நிறமி சேரும்போதுதான் பச்சை கிடைக்கிறது.

கேள்வி: அப்படியானால் வைட்டமின் சொட்டு மருந்தும் வீணா?

பதில்: வீண் மட்டுமன்று, தீங்காகவும் முடியலாம். கால்விரல்கள் தாமாகத் தட்டுவதும் சிறகு திடீரென உதறுவதும் இந்த இனத்தில் அடிக்கடி காணப்படுகின்றன. கூடுதல் சத்து சேர்த்த தீவனத்தையே பலர் குற்றம் சாட்டுகிறார்கள். ஆயினும் துத்தநாக நச்சும் கால்சியம் குறைவும் நரம்பைப் பாதிக்கும் என்பதால், தீவனத்தை மாற்றிவிட்டு வாளாவிருக்காமல் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பழம், கீரை, முளைகட்டிய பயறு, சர்க்கரைவள்ளி ஆகியவை போதும். மிளகாயும் தரலாம், பறவைகளுக்கு அதன் காரம் உறைப்பதில்லை. வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் நஞ்சு.

கேள்வி: நிறத்துக்கு வேறு நல்ல டானிக்?

பதில்: மேலே சொன்ன பதிலை மீண்டும் படியுங்கள்.

கேள்வி: கூண்டைச் சமையலறையில் வைக்கலாமா?

பதில்: கூடாது. அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகை, மருத்துவரை அழைக்கவும் அவகாசம் தராமல் கிளியைக் கொன்றுவிடும். அடுத்த அறையும் பாதுகாப்பன்று. அத்தகைய பாத்திரத்தையே வீட்டிலிருந்து அகற்றுங்கள்.