ஊழல் புகாரில் சிக்கியவரின் சாதியைப் பார்த்துத்தான் நாம் தீர்ப்புச் சொல்கிறோமா?

பல நேரம் அப்படித்தான் சொல்கிறோம். டெல்லிக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. இதை நான் சாப்பாட்டு நேரப் பேச்சுகளில்தான் தெரிந்துகொண்டேன்.

2011 பிப்ரவரி 2ஆம் தேதி, அலைக்கற்றை உரிமம் கொடுத்ததில் முறைகேடு என்ற 2ஜி வழக்கில் முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ.ராசா கைதானார். அவர் தலித். அப்போது எனக்கு நேரு பிளேஸில் வேலை. டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் பக்கத்து மேசைக்காரர், "உங்க மதராசி ஒண்ணே முக்கால் லட்சம் கோடியை முழுங்கிட்டாரே" என்று இந்தியில் ஆரம்பித்தார். 1.76 லட்சம் கோடி என்பது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் போட்ட உத்தேச இழப்புக் கணக்கு, ஒருவர் வாங்கிய லஞ்சத் தொகை அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

சரி, அவருக்குத் தமிழ்நாட்டைத் தெரியாது என்று விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரத்தில் ஒரு தமிழர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். வயதில் பெரியவர், நான் வந்த புதிதில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர். சாம்பார் ஊற்றிக்கொண்டே, "கோட்டாவுல வந்தவன் கையில துறையைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றார். எனக்கு அடுத்த வாய் இறங்கவில்லை. மதராசி என்ற பேச்சு அவ்வளவு வலிக்கவில்லை, இது வலித்தது.

அன்று அவரிடம் கேட்காமல் விட்டதை இங்கே கேட்கிறேன். அதே தொலைத்தொடர்புத் துறைக்கு முன்பு அமைச்சராக இருந்தவர் சுக் ராம். 1996இல் சிபிஐ சோதனையில் அவர் வீடுகளில் சுமார் 3.6 கோடி ரூபாய் ரொக்கமாகவே கிடைத்தது. உத்தேசக் கணக்கெல்லாம் இல்லை, நோட்டுக் கட்டுகள். 'பிராமணர் கையில் துறையைக் கொடுத்தால் இப்படித்தான்' என்று எந்த வீட்டிலாவது பேசினார்களா? பேசியிருந்தால் அதுவும் அநியாயம். பேசவில்லை. அவர் தனிக்கட்சி கண்டு 1998இல் இமாச்சல் ஆட்சியில் பங்கு பெற்றார். நீதிமன்றம் தண்டித்த பிறகும் கடைசிவரை 'பண்டிட்' சுக் ராம்தான்.

இன்னொரு ஜோடியையும் பாருங்கள். பாஜகவின் முதல் தலித் தேசியத் தலைவர் பங்காரு லட்சுமண் 2001இல் தெஹல்கா செய்தித் தளத்தின் ரகசியக் கேமரா முன் ஒரு லட்சம் வாங்கினார். தலைவர் பதவி போனது, 2012இல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை வந்தது. வாங்கியது தப்பு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. 2003இல் அதே கட்சியின் மத்திய அமைச்சர், ஜஷ்பூர் அரச குடும்பத்து திலீப் சிங் ஜுதேவ், பணம் வாங்கும் காட்சி வெளியானது. அவரும் பதவி விலகினார். ஆனால் 2009இல் பிலாஸ்பூரில் ஜெயித்து மக்களவைக்கு வந்துவிட்டார். லட்சுமணின் மனைவிக்கு 2004இல் கட்சி சீட் கொடுத்தது உண்மைதான், அவரும் ஜெயித்தார். ஆனால் லட்சுமண் எழுந்திருக்கவே இல்லை. வழக்குகள் சட்டப்படி வேறு வேறு. நான் பேசுவது ஊர் யாரை மன்னித்து மறந்தது என்பதைப் பற்றி.

அதற்காக ராசாவைக் கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் காலத்தில் கொடுத்த 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012இல் ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிபதி சைனி எல்லோரையும் விடுவித்தார். சிபிஐயின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024இல் விசாரணைக்கு ஏற்றது. முடிவுகளைக் கேளுங்கள், கோப்புகளைக் கேளுங்கள். அதில் சாதிக்கு என்ன வேலை?

முனிர்காவில் என்னோடு அறையில் இருந்த நண்பனுக்கு ராசாவின் ஊர்ப்பக்கம், பெரம்பலூர். அவனும் தலித். டெல்லியில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் முதல் கேள்வியே "எந்த ஊர்?" என்பதுதான். 2011இலிருந்து அவன் "திருச்சி பக்கம்" என்று சொல்ல ஆரம்பித்தான். விடுதலைச் செய்தி வந்த இரவு எனக்குப் போன் செய்து வெகுநேரம் பேசினான். இப்போதும் தமிழர் யாராவது ஊர் கேட்டால் திருச்சி பக்கம் என்றுதான் சொல்கிறான்.