லூப்புக்குக் காது கிடையாது

அன்புள்ள அண்ணா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கானா கச்சேரிகளுக்கு டோலக் வாசிப்பவன். இரண்டு மாதத்துக்கு முன் ராயபுரத்தில் ஒரு மாடி ஹாலில் லூப் இசை நிகழ்ச்சி என்று நண்பன் கூட்டிப் போனான். ஒரே ஆள், ஒரு கிட்டார், காலடியில் நாலைந்து பெடல். அதை மிதித்தால் வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும், அதுதான் லூப் என்றான். கேட்க வந்த இருபது பேரும் பாயில். பாதிப் பேர் படுத்தே விட்டார்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு எப்போது உள்ளே இழுத்தது என்று தெரியவில்லை. முடிந்ததும் அந்தக் கலைஞர், "அடுத்த தடவை டோலக்கோட வாங்க" என்றார். போன வாரம் போய் உட்கார்ந்தேன். ஐந்தே நிமிஷத்தில் எல்லாம் குழம்பிவிட்டது. பதினைந்து வருஷம் வாசித்த கை அண்ணா. எங்கே தப்பு? விடிய விடிய நாம் பாடும் சாவு வீட்டுக் கானாவும் இதுவும் ஒன்றுதான் என்கிறான் நண்பன். சரியா?

எம்.

அன்புள்ள எம்.,

கையில் தப்பில்லை. பழக்கத்தில்தான் சிக்கல்.

கானாவில் பாடுகிறவர் மூச்சு வாங்கினால் உங்கள் கை காத்திருக்கும். பாட்டு சூடேறினால் கையும் ஏறும், அவரும் உங்களைப் பார்த்து ஏறுவார். இப்படி ஒருவரை ஒருவர் கவனித்துத்தான் பதினைந்து வருஷம் வாசித்திருக்கிறீர்கள். லூப்புக்குக் காது கிடையாது. பெடலை முதலில் மிதித்ததற்கும் மறுபடி மிதித்ததற்கும் நடுவில் 8 நொடி ஓடியிருந்தால், ராத்திரி முழுக்க அது 8 நொடிதான். நீங்கள் ஒரு மயிரிழை ஏற்றினால் முதல் சுற்றில் யாருக்கும் தெரியாது. பத்தாவது சுற்றில் நீங்கள் மணிக்கூண்டில் நிற்பீர்கள், அது இன்னும் காசிமேட்டிலேயே இருக்கும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. உங்களுக்கு வைத்த மைக் அவருடைய பெடலுக்குள் போனதா? போயிருந்தால் அவர் பழைய பதிவின்மேல் புதிதாகக் கிட்டாரை அடுக்கும்போதெல்லாம் உங்கள் அடியும் சேர்ந்து பதிந்திருக்கும். அப்புறம் நீங்கள் வாசித்தது அவரோடு அல்ல, ஒரு நிமிஷத்துக்கு முந்தைய உங்களோடு. ஸ்பீக்கர் எங்கே இருந்தது? 10 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் உங்களிடம் வர ஏறக்குறைய 30 மில்லி நொடி ஆகும். படுத்திருப்பவருக்கு அது ஒன்றுமில்லை. டோலக்காரரின் விரலுக்குத் தெரியும்.

என் கதையும் இதே லட்சணம்தான். சில வருஷம் முன்பு வியாசர்பாடியில் ஒரு நண்பர் வீட்டு அறையில் மவுத் ஆர்கனோடு இப்படி உட்கார்ந்தேன். சும்மா இருந்திருக்கலாம். திறமையைக் காட்ட ஒரு நீளமான சங்கதி போட்டேன், அதில் ஒரு சுரம் பிசகிவிட்டது. கச்சேரியில் பிசகினால் அது போய்விடும். இங்கே 12 நொடிக்கு ஒரு தடவை திரும்பி வந்து என் முகத்தையே பார்த்தது. அழிக்கவும் வழியில்லை. அந்தப் பெடலில் கடைசியாகப் பதிந்த அடுக்கை மட்டும்தான் எடுக்க முடியும், அவரோ அதன்மேல் இரண்டு அடுக்கு ஏற்றியிருந்தார். கால் மணி நேரம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லா லூப்பும் இப்படி ஞாபகம் வைத்திருப்பதில்லை. 1973-ல் இங்கிலாந்துக் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பும் இசையமைப்பாளர் பிரையன் ஈனோவும் வெளியிட்ட இசைத்தட்டில் இரண்டு டேப் ரெக்கார்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நாடாவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடவிட்டார்கள். முதலாவது பதியும், இரண்டாவது சில நொடி கழித்து அதை ஒலித்து மறுபடி முதலாவதுக்கே அனுப்பும். வாசித்தது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மங்கித்தான் திரும்பும். இன்றைய பெடல்கள் சிலவற்றிலும் அந்த மங்கலை வைக்கலாம். அப்படி வைக்கச் சொல்லி அவரிடம் கேளுங்கள். தப்பு செய்யும் தைரியம் வரும்.

ஈனோ 1978-ல் விமான நிலையத்துக்காகச் செய்த இசையில் தாளமே கிடையாது. ஒரு பகுதியில் ஒரு குரல் சுமார் 23½ நொடிக்கு ஒரு தடவை வரும், இன்னொன்று சுமார் 26 நொடிக்கு. நீளம் ஒட்டாததால் ஒரே சேர்க்கை திரும்ப வருவதே அபூர்வம். உங்கள் ராயபுரத்துக்காரர் வாசிப்பது இந்த வகை என்றால் டோலக்கில் நடை எதற்கு? இடது பக்கத் தோலை உள்ளங்கையால் தேய்த்தால் ஒரு உறுமல் வருமே, அதில் ஒன்று போதும். அது தேய்ந்து அடங்கும்வரை கையை மடியில் வையுங்கள்.

நண்பர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சாவு வீட்டுக் கானாவில் சொல் இருக்கிறது. செத்தவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று பாடாமல் அது நகராது, கேட்பவர் நடுவில் தூங்கவும் முடியாது. ஈனோ வகை இசையையோ கவனிக்கலாம், கவனிக்காமலும் விடலாம், இரண்டுக்கும் இடம் இருக்க வேண்டும் என்றுதான் ஈனோவே எழுதினார். படுத்தவர்களைத் தப்பாக நினைக்காதீர்கள். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகும் சபாக்காரர்களைவிட அவர்கள் எவ்வளவோ மேல்.

அடுத்த தடவையும் டோலக்கைக் கொண்டு போங்கள். மைக் எங்கே போகிறது என்று முதலிலேயே கேளுங்கள், ஸ்பீக்கரைப் பக்கத்தில் இழுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் அரை மணி நேரம் உறையைப் பிரிக்காமல் பாயில் இருங்கள். கூப்பிட்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்றைக்கு நிகழ்ச்சி என்று எழுதுங்கள், நானும் வருகிறேன். மவுத் ஆர்கன் வீட்டிலேயே இருக்கும்.