முறுகிய முதுகுக்கு முறுக்கு ஆசனம்

அன்புள்ள அக்கா,

செம்பூரில் இருக்கிறேன், வயது 34. எனக்கு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது. மேல்முதுகு வலப்பக்கம் 28 டிகிரி வளைந்திருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். யோகா வகுப்பில் முறுக்கு ஆசனம் வந்தால் டீச்சர் தோளைப் பிடித்து இன்னும் திருப்புகிறார். வலப்பக்கம் திரும்பிய அன்று ராத்திரி முழுக்க விலாவில் வலி. முறுக்கையே விட்டுவிடட்டுமா?

வி.

அன்புள்ள வி.,

விட வேண்டாம். தோளைப் பிடித்துத் திருப்புவதை மட்டும் நாளைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

எனக்கும் இதே வளைவுதான். பதினான்கு வயதில், மாட்டுங்காவில் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த தையல்காரர் "ஒரு தோள் ஏறியிருக்கேம்மா" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் குனியச் சொல்லிப் பார்த்தார். வலது விலாப் பக்கம் மட்டும் ஒரு மேடு.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த மேட்டில்தான் இருக்கிறது. ஸ்கோலியோசிஸில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு, வளைந்த பக்கமாகவே திரும்பியும் விடுகிறது. அந்தப் பக்கத்து விலா எலும்புகள் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். ஆக, உங்கள் மேல்முதுகு ஏற்கெனவே வலப்பக்கம் முறுகி நிற்கிறது. இடப்பக்கம் திரும்பும்போதுதான் அந்த மேடு முன்னால் வந்து முறுக்கு கொஞ்சம் அவிழ்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்பியாக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலருக்குக் கீழ்முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, எதிர்ப்பக்கமாக இன்னொரு வளைவும் இருக்கும். மேல்முதுகை அவிழ்க்கும் திருப்பம் அங்கே முறுக்கிவிடும். அதனால் ஸ்கோலியோசிஸ் தெரிந்த ஒரு ஃபிசியோதெரபிஸ்டிடம் எக்ஸ்ரேயைக் காட்டி, எந்தப் பக்கம், எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் செய்வது நாற்காலியில் பரத்வாஜாசனம். சாய்மானம் இடக்கைப் பக்கம் வரும்படி பக்கவாட்டாக உட்காருவேன். பாதம் இரண்டும் தரையில், முட்டிகளுக்கு நடுவே மடித்த துண்டு. மூச்சை இழுத்து முதுகை உயர்த்தி, விடும்போது விலாவிலிருந்து இடப்பக்கம் திரும்புவேன். கைகள் சாய்மானத்தில் சும்மா இருக்கும், இழுக்காது. கீழ்முதுகு எலும்புகள் இயல்பாகவே சில டிகிரிதான் திரும்பும், அங்கே வற்புறுத்தக் கூடாது. அப்புறம், ஒடுங்கிக் கிடக்கும் இடது விலாவுக்குள் மூச்சை அனுப்பி ஐந்து முறை. வலப்பக்கம் திரும்புவதில்லை, முதுகை உயர்த்துவதோடு சரி.

இதனால் 28 டிகிரி குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். வலி குறையும், மூச்சு தாராளமாகும், எனக்கு அதுவே பெரிது. காலில் மரத்துப்போனாலோ மின்னல்போல் வலி இறங்கினாலோ உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். முதுகில் கம்பி வைத்து ஆபரேஷன் செய்தவர்கள் சர்ஜனைக் கேட்காமல் முறுக்கு எதுவும் செய்யவே கூடாது.

ஒரு வாரம் நாற்காலியில் செய்துவிட்டு, ராத்திரி விலா வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.