சூரியனின் ஓரத்தில் ஊதா: குட்டைத் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு ஒரு பதில்

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 80 மி.மீ. வில்லையும் 400 மி.மீ. குவியத் தூரமும் உள்ள தொலைநோக்கி இருக்கிறது. முன்னால் சூரிய ஃபில்ம் பூட்டி, பின்னால் டிஎஸ்எல்ஆர் கமரா மாட்டிப் படம் எடுக்கிறேன். சூரியப் புள்ளிகள் தெரிகின்றன, ஆனால் கூர்மை இல்லை, ஓரம் முழுக்க ஊதா. இடையில் ஏதாவது வில்லை போட்டு இதைச் சரிசெய்யலாமா, இல்லை காசு சேர்த்து ஒரு அப்போகுரோமட்தான் வாங்க வேண்டுமா?"

வாங்க வேண்டாம். அப்போகுரோமட் என்பது எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் குவிக்கிற, விலை கூடிய தொலைநோக்கி. சந்திரனுக்கும் கிரகங்களுக்கும் என்றால் அது வேறு கதை, சூரியனுக்காக மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். நட்சத்திரம் எடுப்பவர்கள் ஒவ்வொரு துளி வெளிச்சத்துக்கும் ஏங்குவார்கள். நாங்கள் சூரிய ஃபில்மைப் போட்டு, வருகிற வெளிச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விட்டு மிச்சத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற ஆட்கள். இவ்வளவு தாராளமாகக் கையில் இருக்கும்போது, குழப்படி செய்கிற நிறங்களை எல்லாம் கழித்துவிட்டு ஒரே ஒரு நிறத்தில் படம் எடுத்தால் போதும், நிறப்பிறழ்ச்சி, அதாவது நிறங்கள் வெவ்வேறு இடத்தில் குவிகிற பிரச்சினையே எழாது. இடையில் போடுகிற வில்லை எதுவும் தேவையில்லை.

ஏன் ஊதா வருகிறது என்பதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம், ஏனென்றால் கணக்கைப் பார்த்தால்தான் எவ்வளவு மோசம் என்று விளங்கும். உங்களிடம் இருப்பது இரண்டு கண்ணாடி சேர்த்த சாதாரண அகுரோமட். அது சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்தில் குவிக்கும், பச்சையை அதற்குச் சற்று முன்னால் குவிக்கும். அந்த இடைவெளி குவியத் தூரத்தில் ஏறத்தாழ 2000-இல் ஒரு பங்கு, உங்கள் குழாயில் 0.2 மி.மீ. இதெல்லாம் ஒரு தூரமா என்று கேட்பீர்கள். ஆனால் உங்களுடையது போன்ற எஃப் 5 குழாயில் (குவியத் தூரம் வில்லை விட்டத்தின் ஐந்து மடங்கு) குவியம் கூர்மையாக இருக்கிற எல்லை முன்னுக்கும் பின்னுக்கும் 0.027 மி.மீ. அளவுதான், தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. ஆக, பச்சையைச் சரியாகக் குவித்தால் சிவப்பும் நீலமும் அந்த எல்லையை ஏழு மடங்கு தாண்டி நிற்கின்றன, ஊதா இன்னும் தூரத்தில். கமராவில் அது 0.04 மி.மீ. அகலமான மங்கலாக விழும். வானத்தில் அளந்தால் 20 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). சூரியனில் பூமியை வைத்தால் அதன் அகலம் 18 வில்விநாடிக்குள் அடங்கிவிடும். பூமியைவிடப் பெரிய மங்கல் வட்டம் ஒவ்வொரு புள்ளியின் மேலும் படிந்திருக்கிறது, பிறகு கூர்மை எங்கிருந்து வரும்?

இதில் நான் பட்ட வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஜனவரி 15 கங்கண கிரகணம் யாழ்ப்பாணத்தில் அருமையாகத் தெரிந்தது, மத்தியானம் தாண்டிய நேரம், ஊரே முற்றத்தில் நின்றது. நானும் இதே மாதிரி ஒரு குட்டைக் குழாயில் படம் எடுத்தேன். வளையத்தைச் சுற்றி இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு ஒளி. சூரியனின் நிறமண்டலமே (ஒளிரும் பரப்புக்கு மேலே இருக்கிற மெல்லிய சிவந்த வாயுப் படலம்) என் படத்தில் விழுந்துவிட்டது என்று கண்ட ஆட்களுக்கெல்லாம் காட்டித் திரிந்தேன். ஒரு மாதம் கழித்துத் தென்னையோலையை வெயிலுக்கு எதிராக எடுத்த படத்திலும் அதே ஊதாவைப் பார்த்தபோதுதான் விளங்கியது. தென்னைக்கு ஏது நிறமண்டலம்?

சரி, விஷயத்துக்கு வருவோம். நிறம் தெரிந்தால் எல்லாம் வில்லையின் குற்றம் என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும். சூரிய விளிம்பைத் திரையில் பெருப்பித்து ஒரு சுற்றுப் பாருங்கள். சுற்றிவர ஒரே அளவில் ஊதா இருந்தால் அது வில்லை. ஒரு பக்கம் சிவப்பு, நேர் எதிர்ப்பக்கம் நீலம், காலையில் கூடுதலாகவும் சூரியன் ஏற ஏறக் குறைவாகவும் இருந்தால் அது தொலைநோக்கியே இல்லை, வளிமண்டலம். தாழ்வான சூரியனின் வெளிச்சத்தைக் காற்று அரியம் போலப் பிரிக்கிறது. 30 பாகை உயரத்தில் நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையில் ஒன்று முதல் இரண்டு வில்விநாடி வரை விலகல் வரும். கண்வில்லைக்குப் பின்னால் ஃபோனைப் பிடித்து எடுப்பவர்களுக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு: சூரியன் நடுவில் நிற்கும்போது நிறம் இல்லை, ஓரத்துக்குத் தள்ளினால் வருகிறது என்றால் குற்றவாளி கண்வில்லை, சூரியனை நடுவிலேயே வைத்திருங்கள், அவ்வளவுதான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை, காலையில் எடுப்பதானால் இரண்டாவதும் கொஞ்சம் கலந்திருக்கும்.

இனி மருந்து. ஒரு சதம் செலவில்லாத வழியை முதலில் செய்து பாருங்கள். ரா (RAW) கோப்பில், அதாவது கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில் படம் எடுங்கள், ஜேபெக்கில் எடுத்தால் கமரா நிறங்களை ஒன்றோடொன்று கலந்து தந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. கணினியில் பச்சை வாய்க்காலை (படத்தின் பச்சை நிறப் பகுதியை) மட்டும் எடுத்துக்கொண்டு சிவப்பையும் நீலத்தையும் குப்பையில் போடுங்கள். கமராவின் உணரியில் பாதிப் புள்ளிகள் பச்சைக்குத்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன, அதனால் இழப்பு நினைக்கிற அளவுக்கு இல்லை.

ஆனால் எடுக்கும்போதே பச்சையில் குவித்திருக்க வேண்டும், இங்கேதான் அநேகம் பேர் கோட்டை விடுகிறார்கள். திரையில் ஊதா எங்கே குறைகிறதோ அங்கே நிறுத்திவிடுகிறார்கள், அது பச்சை கூர்மையாகிற இடம் அல்ல, எல்லா நிறமும் பாதிப் பாதி மங்கலாக இருக்கிற சமாதான இடம். இதற்கு ஒரு சின்னத் தந்திரம்: கமராவில் படப் பாணியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, அதற்குள் பச்சை ஃபில்டர் விளைவு இருந்தால் அதைப் போடுங்கள். நேரடித் திரை அப்படியே தெரியும், ரா கோப்பில் எல்லா நிறமும் பத்திரமாக இருக்கும். விளிம்பை வைத்துக் குவிக்காமல் ஒரு சூரியப் புள்ளியைப் பத்து மடங்கு பெருப்பித்து, அதன் கறுத்த நடுப்பகுதிக்கும் சுற்றியுள்ள சாம்பல் வளையத்துக்கும் இடையிலான எல்லை பளிச்சென்று வெட்டித் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

இது பிடித்துப்போனால் அடுத்தது ஒரு பச்சை ஃபில்டர். 58 என்ற இலக்கம் போட்ட சாதாரணப் பச்சைக் கண்ணாடியே குட்டைக் குழாயின் முகத்தை மாற்றிவிடும். கமராவில் அகச்சிவப்புத் தடுப்பு இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சாயக் கண்ணாடிகள் அகச்சிவப்பைத் தாராளமாக விடும். டிஎஸ்எல்ஆரில் அது உள்ளேயே உண்டு. தடுப்பில்லாத வானியல் கமரா என்றால் தனியாகப் போடுங்கள். இன்னும் கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் பாடர் நிறுவனத்தின் சோலார் கன்டினியூவம், 540 நானோமீற்றரை ஒட்டி 10 நானோமீற்றர் அகலத்தை மட்டும் விடுகிற ஃபில்டர். சாதாரண வில்லைகளின் கோளப்பிறழ்ச்சியும் (வில்லையின் ஓரமும் நடுவும் வெவ்வேறு இடத்தில் குவிப்பது) பெரும்பாலும் பச்சைக்குத்தான் திருத்தப்பட்டிருக்கும், அதனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மஞ்சள் ஃபில்டர் போட்டு ஊதாவை மட்டும் வெட்டுகிறவர்களும் உண்டு. கண்ணால் பார்க்கப் பரவாயில்லை, படத்துக்கு அரைகுறை.

ஒரு எச்சரிக்கை, இதைப் பாய்ந்து போய்விடாதீர்கள். பச்சை ஃபில்டர் என்பது முன்னால் இருக்கிற சூரிய ஃபில்முக்குப் பின்னால் போடுகிற இரண்டாவது சாமான், அதற்குப் பதில் அல்ல. முன்னால் ஃபில்ம் இல்லாமல் பச்சையை மட்டும் நம்பினால் கண் போகும், கமராவும் போகும். சில பழைய தொலைநோக்கிகளோடு கண்வில்லையில் திருகுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும், அது வெப்பத்தில் வெடிக்கும், யாருக்கும் இரவல் கொடுக்காமல் எறிந்துவிடுங்கள். ஃபில்மிலும் இரண்டு வகை உண்டு, அடர்த்தி எண் குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும்: 5.0 அடர்த்தி பார்க்கவும் எடுக்கவும், 3.8 அடர்த்தி படத்துக்கு மட்டும், அதில் கண் வைக்கவே கூடாது. குறிபார்க்கிற சின்னக் குழாயைக் கழற்றி வையுங்கள். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் ஃபில்ம் மூடியை டேப் போட்டு ஒட்டாமல் நான் வெளியே வருவதே இல்லை.

ஃபில்மைப் பற்றி இன்னொன்று. அது சுருங்கித் தொய்ந்து கிடக்கிறதே என்று மேளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள். தொய்வு படத்தைக் கெடுக்காது, இழுவைதான் கெடுக்கும். ஒரு திசையில் கூடுதலாக இழுபட்டால் புள்ளிகள் ஒரு பக்கமாக நீளும்.

பச்சை போட்ட பிறகும் குவியம் 'டக்' என்று விழாமல் இழுபட்டுக்கொண்டே இருந்தால் கோளப்பிறழ்ச்சி மிச்சம் இருக்கிறது. இரவில் அதே பச்சை ஃபில்டரோடு (சூரிய ஃபில்மைக் கழற்றிவிட்டு) பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைக் கண்வில்லையால் பார்த்து, குவியத்துக்குக் கொஞ்சம் உள்ளேயும் கொஞ்சம் வெளியேயும் நகர்த்துங்கள், இரு பக்கமும் ஒரே மாதிரி வளையங்கள் வரவேண்டும். ஒரு பக்கம் தெளிந்த வளையம், மறுபக்கம் பஞ்சு என்றால் ஒரு காகித மட்டை எடுத்து நடுவில் 60 மி.மீ. வட்டம் வெட்டி வில்லைக்கு முன்னால், ஃபில்முக்கு உள்ளே வையுங்கள். கோளப்பிறழ்ச்சி விட்டத்தின் நான்காம் அடுக்கில் குறையும், 80-இலிருந்து 60-க்கு வந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். விலையும் உண்டு: பிரித்தறியும் திறன் 1.45 வில்விநாடியிலிருந்து 1.9-க்கு இறங்கும். சூரியனின் அரிசிமணிப் பரப்பு (மேற்பரப்பில் அரிசி தூவினது போலத் தெரிகிற நுண்மணிகள்) 1.5 வில்விநாடியை ஒட்டிய சமாச்சாரம், அது கைநழுவும், சூரியப் புள்ளிகளுக்குக் கவலையில்லை. வில்லை நல்லதாக இருந்தால் மட்டையைத் தொடாதீர்கள்.

சூரியனின் ஒரு பக்க ஓரம் கூர்மை, எதிர்ப்பக்கம் மங்கல் என்றால் பலர் குவியப் பரப்பின் வளைவைக் குறை சொல்வார்கள். 400 மி.மீ. குழாயில் சூரியன் வெறும் 3.7 மி.மீ. அகலம், அந்த அளவுக்கு வளைவு ஒன்றும் செய்யாது. பாரமான கமரா குவிப்பானை (குவியம் பிடிக்க முன்னும் பின்னும் நகர்கிற குழாயை) சரித்திருக்கும். கமராவை 180 பாகை திருப்பி இன்னொரு படம் எடுங்கள்: மங்கல் படச்சட்டத்தின் அதே பக்கத்தில் நின்றால் கமராப் பூட்டு கோணல், சூரியனோடு சேர்ந்து மறுபக்கம் போனால் குவிப்பானோ வில்லையோ. அப்புறம், ஓரம் நடுவைவிட இருண்டிருப்பது பழுது அல்ல, சூரியனே அப்படித்தான், அதைத் திருத்தி வெளுப்பாக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தும் படம் கொதிக்கிற தண்ணீர் மாதிரி ஆடினால் நேரத்தை மாற்றுங்கள். எங்கள் ஊரில் பத்து மணிக்குப் பிறகு தகரக் கூரையும் கொங்கிறீற்றும் தார் ரோட்டும் மூச்சு விடத் தொடங்கும், பிறகு எந்தத் தொலைநோக்கியும் ஒன்றுதான். காலை 7-இலிருந்து 9 வரை எடுங்கள். சூரியன் தாழ்வாக இருக்கும்போது நிறம் பிரியுமே என்றால், அதையும் பச்சை ஃபில்டர் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. ஒரே நிறத்தில் பிரிவதற்கு என்ன இருக்கிறது? அதுவே காலை நேரத்தை எங்களுக்குத் திறந்துவிடுகிறது, எனக்கு இந்த ஃபில்டரில் பிடித்ததே இதுதான். மாடியைவிடப் புல்லு முற்றம் நல்லது, புல்லைவிடத் தண்ணீர் நல்லது. பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவுப் பக்கம் நின்றால் காலைச் சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவில் கடல்நீரேரி. இந்தியாவின் உதய்ப்பூர் சூரிய ஆய்வகம் ஃபத்தே சாகர் ஏரியின் நடுத்தீவில் இருப்பதும் இதே காரணத்துக்குத்தான், தண்ணீர் நிலம் போலச் சூடேறி மேலே காற்றைக் கலக்குவதில்லை. ஒரே நிறத்தில் எடுப்பதிலும் நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கொடைக்கானல் ஆய்வகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கால்சியத்தின் 393 நானோமீற்றர் ஊதாவைத் தனியாகப் பிரித்தும் சூரியனைப் பதிந்துவருகிறது.

ஒரு படத்தோடு நிற்காமல் நூறு, இருநூறு எடுங்கள் அல்லது வீடியோ எடுங்கள், ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருள் நல்ல பத்து வீதத்தைப் பொறுக்கி அடுக்கித் தரும். கூர்மையாக்கல் எல்லாம் அதற்குப் பிறகு, அது அளவு மீறினால் விளிம்பில் வெள்ளைக் கோடு விழும், அதையும் பிறழ்ச்சி என்று எனக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மஞ்சளோ செம்மஞ்சளோ கடைசியில் பூசிக்கொள்ளுங்கள். நான் கறுப்பு வெள்ளையாகவே விடுவேன்.

ஃபில்டருக்குக் காசு போடமுன் வருகிற ஞாயிறு காலை, இருக்கிற சாமானை வைத்துப் பச்சை வாய்க்காலை மட்டும் பிரித்துப் பாருங்கள். ஊதா போயும் மங்கல் போகவில்லை என்றால், கமராவைத் திருப்பி எடுத்த இரண்டு ரா கோப்புகளையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.