ஐம்பதுக்குப் பின் அலுமாரி: சேலையை விட்டுவிட்டு பிளவுஸிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. ஹட்டனுக்கு அருகே அரச பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். அலுமாரி நிறையச் சேலை இருந்தும் காலையில் உடுத்த ஒன்றும் அகப்படுவதில்லை. பிளவுஸ்கள் எல்லாம் கையிலும் மார்பிலும் பிடிக்கின்றன. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டால் வகுப்பின் நடுவில் திடீரென உடம்பு கொதித்து வியர்க்கிறது, கழற்றினால் நடுங்குகிறது. மகள் சல்வார் போடுங்கள் என்கிறாள். ஊரிலோ இந்த வயதுக்கு மங்கிய நிறம்தான் அழகு என்கிறார்கள். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வசதியில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சேலை என்பது ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளமுள்ள, தைக்கப்படாத துணி. உடம்பு பருத்தாலும் மெலிந்தாலும் அது பொருந்தும். ஆகவே உங்கள் அலுமாரியிலுள்ள சேலைகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் உடுத்தக்கூடியவையே. பொருந்தாமற் போனவை அவற்றோடு சேர்த்து அணிகின்ற பிளவுஸ், பிரா, உட்பாவாடை, ஸ்வெட்டர், சப்பாத்து ஆகியவை. சேலைக்குச் செலவிடும் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இவற்றுக்குச் செலவிட நாம் மனம் வைப்பதில்லை. அடுத்த ஓராண்டுக்காவது அந்தக் கணக்கைத் தலைகீழாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதையொட்டிய ஆண்டுகளில் ஈஸ்ட்ரஜன் குறைவதால், எடை கூடாதவர்களுக்குக்கூட உடம்பின் கொழுப்பு இடம் மாறுகிறது: இடுப்புக்குக் கீழே இருந்தது வயிற்றுப் பக்கம் சேர்கிறது, மேற்கையும் முதுகும் சற்றுத் தடிக்கின்றன, மார்பின் உச்சி கீழிறங்குகிறது, தோள்கள் முன்னோக்கி வளையத் தொடங்குகின்றன. முப்பத்தைந்து வயதில் எடுத்த அளவில் இப்போதும் பிளவுஸ் தைத்துவிட்டு உடம்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

முதற் செலவு பிராவுக்கானதாக இருக்கட்டும், ஏனெனில் பிளவுஸின் அளவு முழுவதும் அதன் மேலேதான் நிற்கிறது. மார்பைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டியே தவிர தோள் பட்டி அன்று. தோளில் பள்ளம் விழுகிறது, முதுகுப் பக்கம் பட்டி மேலேறுகிறது என்றால், சுற்றளவு தளர்வாகவும் கிண்ணம் சிறிதாகவும் உள்ள ஒன்றை அணிந்திருக்கிறீர்கள் என்பதே பெரும்பாலும் காரணம். மார்புக்குக் கீழே மூச்சு விட்ட நிலையில் சுற்றளவு எடுத்து, அந்த அளவுக்கு நெருங்கிய பட்டியையும் அதற்கேற்ற கிண்ணத்தையும் அணிந்து பாருங்கள். பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருந்து, அதனுள் இரண்டு விரல் நுழைந்தால் சரி. கம்பி வைத்தது வேண்டும் என்ற கட்டாயமில்லை. புதியதை முதலில் மிகத் தளர்வான கடைசிக் கொக்கியில் மாட்டுங்கள். இலாஸ்டிக் தளரத் தளர உட்கொக்கிகளுக்கு வரலாம்.

அந்தப் பிராவை அணிந்துகொண்டுதான் தையலுக்குப் போக வேண்டும். நம் ஊர்களில் பழைய பிளவுஸ் ஒன்றை "அளவுக்கு" என்று கொடுத்துவிட்டு வருவது வழக்கம். பிழை அங்கேதான் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படுகிறது. உடம்பிலேயே அளவு எடுக்கச் சொல்லுங்கள். மார்பு, மார்புக்குக் கீழ், மேற்கையின் மிகத் தடித்த இடம், தோளிலிருந்து மார்பின் உச்சிவரை, தோளிலிருந்து இடுப்புவரை என்று தனித்தனியாக எடுப்பது அவசியம். மார்புக்கு வடிவம் கொடுக்கப் பிடிக்கும் மடிப்புத் தையலான டாட், உச்சிக்கு இரண்டு சென்ரிமீற்றருக்கு முன்னதாகவே முடிய வேண்டும்; உச்சி கீழிறங்கியிருக்கையில் டாட் மட்டும் பழைய இடத்திலேயே நின்றால், துணி மேலே உப்பிக் கீழே பிடிக்கும். மார்பில் இறுக்கம் என்று நீங்கள் சொல்வதில் பாதி இதுவாக இருக்கலாம்.

கரும்பலகையில் எழுதுபவருக்கு இன்னொரு விடயம் முக்கியமானது. கையை உயர்த்தும்போது பிளவுஸ் முழுவதும் மேலே இழுபடுகிறதென்றால், அக்குள் வெட்டைப் பெரிதாக்கச் சொல்வதுதான் நம் இயல்பு. உண்மையில் அக்குள் வெட்டு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்குக் கையின் அசைவு உடலின் துணியையும் சேர்த்து இழுக்கும். வெட்டு அக்குளுக்கு நெருக்கமாக உயர்ந்தும், கைப்பகுதி மேலே சற்று அகலமாகவும் இருந்தால்தான் கை தாராளமாக எழும். நல்ல தையற்காரர்கள் இதை அறிவார்கள். ஆனாலும் வாடிக்கையாளர் "லூசாக வையுங்கள்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் எங்கும் பொதுவாகத் தளர்த்திவிடுவார்கள். பக்கத் தையல்களின் உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விடச் சொல்லுங்கள், பின்னர் பிரித்துப் பெரிதாக்க உதவும். லைனிங் துணியைத் தைப்பதற்கு முன் நனைத்துக் காயவைத்துக் கொடுக்காவிட்டால், முதற் சலவையிலேயே அது சுருங்கிப் பிளவுஸை உள்ளிருந்து இழுக்கும்.

பழைய பிளவுஸ்களைத் தூக்கி வீச வேண்டாம். உள்ளே துணி இருப்பவற்றைப் பிரித்துத் தைக்கலாம். இல்லாதவற்றுக்கு, கையின் விளிம்பிலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரு நீளத் துண்டை நிறம் பொருந்தச் சேர்க்கலாம். கை தொங்கும்போது அது வெளியே தெரியாது. மார்பு டாட் தவறாக விழுந்த பிளவுஸுக்கு மட்டும் இந்த உழைப்பு பயன் தராது.

புதிதாகத் தைப்பவற்றைச் சேலைக்கொன்று என்று தைக்காமல், பல சேலைகளுக்குப் பொருந்தும் நிறங்களாகத் தெரிவு செய்யுங்கள். உங்கள் சேலைகளைக் கட்டிலில் பரப்பி, கரையிலும் பூவேலையிலும் மீண்டும் மீண்டும் வரும் நிறங்கள் எவையென்று பாருங்கள். பலருக்கு அரக்கு, கரும்பச்சை, கருநீலம், சந்தன நிறம் என்ற நான்கைந்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். மரண வீட்டுக்கும் கோவிலுக்குமான வெள்ளைப் பிளவுஸ் ஒன்று தனி.

இனிச் சூடும் குளிரும். மாதவிடாய் நிறுத்தக் காலத்துச் சூடு மார்பு, கழுத்து, முகம் ஆகிய இடங்களில் எழுந்து சில நிமிடங்களில் தணிகிறது. அதன்பின் எஞ்சும் வியர்வை குளிர்ந்த காற்றில் நடுக்கத்தைத் தருகிறது. கொழும்பில் இருப்பவருக்கு முதற் பாதி மட்டுமே தொல்லை. நமக்கு இரண்டாம் பாதியும் சேர்ந்தே வருகிறது. தடித்த ஒரே ஸ்வெட்டர் இரண்டுக்கும் உதவாது. பிளவுஸின் பின் கழுத்தை உயர்த்தி முன் கழுத்தைச் சற்று அகலமாக விடுங்கள். முதுகில் காற்றுப் படாது, சூடு எழும் இடத்தில் அது வெளியேறும். ஸ்பஞ்சு வைத்த பிளவுஸ்களைத் தவிர்ப்பது நல்லது, அவை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேலே, தலை வழியாகக் கழற்றும் ஸ்வெட்டருக்குப் பதிலாக, முன்புறம் பொத்தான் வைத்த மெல்லிய கார்டிகன் அணியுங்கள். சேலையோடு அணியும் கார்டிகன் இடுப்போடு முடிவதாகவும், முந்தானைக்கு உள்ளே அணியப்படுவதாகவும் இருந்தால் சேலையின் அழகு மறையாது. பொத்தான்களைத் திறந்து விட்டாலே பாதிச் சூடு போகும். முழுவதையும் கழற்ற வேண்டுமானால் முந்தானையின் ஊசியை எடுத்துவிட்டு, பின்னர் பிளவுஸில் குத்திக்கொள்ளலாம். அதற்கும் மேலே ஒரு சால்வை, அவ்வளவுதான். கம்பளி நூல் ஈரத்தை வாங்கிய பின்னும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். பருத்தி ஈரமானால் குளிரும். அக்ரிலிக் விரைவில் காயும், ஆயினும் வியர்வை வாடை பிடிக்கும். ஆசிரியர் அறையில் மாற்றுவதற்கு ஒரு பெனியனை வைத்திருங்கள்.

சூடு உறக்கத்தைக் கெடுக்குமளவுக்கு இருந்தாலோ, எடை இழப்பும் நெஞ்சுப் படபடப்பும் சேர்ந்து வந்தாலோ, மாதவிடாய் ஓராண்டு நின்றிருந்து மீண்டும் இரத்தப்போக்குக் கண்டாலோ, அதை உடையால் தீர்க்க முயலாமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

உங்கள் பகுதியின் காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஹட்டனைவிட நுவரெலியா ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே போகும் நாளில் நான்கு பாகை குளிரைக் கூடுதலாக எதிர்பார்க்கலாம். கண்டிக்கு இறங்கினால் அதே உடை புழுங்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கும்போது பதுளைப் பக்கம் வரண்டிருக்கும். அங்கே டிசம்பர் தொடங்கி வடகீழ் பருவமழை. ஆகவே பதுளையில் இருப்பவர் அந்த மாதங்களில் உடுத்தும் கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை உங்களுக்கு ஜூன் மாதத்தில் பயன்படாது: பனிப்புகாரில் கஞ்சி தளர்ந்து சேலை தொய்ந்துவிடும், துவைத்தால் இரண்டு நாளுக்கும் காயாது. மழை மாதங்களுக்கு ஜோர்ஜெட், கிரேப் போன்றவை தக்கவை. அவை விரைவில் காயும், அயர்ன் வேலையும் குறைவு. அவற்றில் குளிர்காப்பு இல்லாத குறையைத் தடித்த பருத்தி உட்பாவாடை ஈடுசெய்யும். மருதமுனைக் கைத்தறி போன்றவற்றை ஜனவரி முதல் மார்ச் வரையிலான வெயில் நாட்களுக்கு ஒதுக்குங்கள்.

உட்பாவாடையின் நாடா வயிற்றை அறுப்பதாகப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாடாவுக்குப் பதிலாக நான்கு விரல் அகலமான பட்டியும் பக்கத்தில் கொக்கியும் வைத்துத் தைத்தால் அது தீரும், கொசுவமும் நழுவாது. சேலை உடுத்துவதற்கு முன்பே சப்பாத்தை அணிந்துகொள்ளுங்கள், மழை மாதங்களில் கரையைக் கணுக்காலளவுக்கு உயர்த்துங்கள். பாதமும் வயதோடு அகலும் என்பதால் சப்பாத்தை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குவதே சரி. அடிப்பகுதி ரப்பராகவும் பள்ளம் பள்ளமாகவும் இருக்கட்டும். தோட்டத்துப் படிகளில் பாசி பிடித்திருக்கும் நாளில் தோற்றத்தைவிட இடுப்பெலும்பு பெரிது.

ஸ்வெட்டர், கார்டிகன், ஜக்கெட் ஆகியவற்றை நுவரெலியாவில் ஏற்றுமதி மிச்சம் விற்கும் கடைகளில் வாங்குவதே சிக்கனம். அங்குள்ள அளவு எண்ணை நம்பாதீர்கள், அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பக்கங்களை எந்தத் தையற்காரரும் பிடித்துத் தருவார், தோளைத் திருத்துவது புதிதாகத் தைப்பதற்குச் சமம். கடை விளக்கில் கறுப்பாகத் தெரிவது வெளியே கருநீலமாக இருக்கும் என்பதால் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, அக்குள் தையலையும் நூல் விடுபட்ட இடங்களையும் சோதித்த பின்னரே பணம் கொடுங்கள்.

மகள் சொல்வதில் பாதி சரி. ஆசிரியைகள் சேலைதான் உடுத்த வேண்டுமா என்று 2022 நவம்பரில் எழுந்த விவாதத்தின் பின்னரும் அரச பாடசாலைகளில் சேலையே நடைமுறை என்பதால், வேலை நாட்களுக்குச் சல்வார் உங்களுக்கு உதவாது. சந்தைக்கும் பயணத்துக்கும் வீட்டு விசேடங்களுக்கும் இரண்டு மூன்று சல்வார் வைத்திருப்பது நல்லது. மேற்சட்டை முழங்காலைத் தொடட்டும்; பக்கப் பிளவு இடுப்பெலும்புக்குக் கீழே தொடங்கட்டும், மேலே தொடங்கினால் நடக்கும்போது வயிறு தெரியும். வயிற்றை மறைப்பதற்கென்று கூடாரம் போன்றதை வாங்கினால் உடம்பு முழுவதும் அதே அகலத்துக்குத் தோன்றும். தோளில் பொருந்தி அதன்கீழ் நேராக விழுவதே போதும்.

மங்கிய நிறம் பற்றிய ஊர்ப்பேச்சை நான் ஏற்கவில்லை. முடி நரைக்கத் தொடங்கியதும் முகத்தைச் சுற்றியிருந்த கறுப்புச் சட்டகம் இளகிவிடுகிறது. அந்நேரத்தில் சாம்பலும் வெளிர் பழுப்பும் முகத்துக்கு அருகில் வந்தால் களைத்துப்போனவர் போலக் காட்டும், அதிலும் பனிமூட்டமான வெளிச்சத்தில் இன்னும் அதிகமாக. அரக்கு, மயில் நீலம், கடும் பச்சை போன்ற செறிவான நிறங்கள் அந்த வெளிச்சத்தில் நன்றாக எடுபடும். ஒவ்வொரு சேலையின் முந்தானையையும் காலை வேளையில் ஜன்னலருகே முகத்தோடு வைத்துப் பாருங்கள்: கண்ணுக்கு முதலில் முகம் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், சேலை மட்டும் தெரிந்தால் தங்கைக்கோ மகளுக்கோ கொடுத்துவிடுங்கள். பிடித்தமான மங்கிய சேலை இருந்தால் செறிந்த நிறப் பிளவுஸோடு உடுத்தலாம்.

பிரித்தெடுத்த பின் மிஞ்சும் பட்டுச் சேலைகளை பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டாம். ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி, அந்துருண்டை சரிகையில் படாதவாறு வைத்து, ஆண்டின் தொடக்கத்தில் வரும் வரண்ட நாட்களில் நேர் வெயில் படாத இடத்தில் விரித்து உலர்த்துங்கள். மீண்டும் மடிக்கும்போது பழைய மடிப்புக்கு மேலேயே மடிக்காதீர்கள், இழை அந்த இடத்தில்தான் முதலில் அறும்.